படுக்கை நனையும் பிள்ளைக்கு எது உதவும்: காத்திருப்பதா, எழுப்புவதா, அலாரமா, மாத்திரையா?

விடியற்காலை நான்கு மணி இருக்கும். பக்கத்து அறையில் ஏதோ சரசரவென்று சத்தம் கேட்டு எழுந்து போனேன். எட்டு வயது மகன் விளக்கைக்கூடப் போடாமல், நனைந்த விரிப்பை உருவிச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தான். கால்சட்டையை மாற்றியிருந்தான்; சட்டையின் முதுகுப் பக்கம் இன்னும் ஈரம். என்னைக் கண்டதும், "தண்ணீர் கொட்டிவிட்டது, அப்பா" என்றான். அந்தப் பொய்தான் என்னை உலுக்கியது. மெத்தை காய்ந்துவிடும். அதை மறைக்க ஒரு குழந்தை இருட்டில் தனியாக இத்தனை பாடுபட்டதை என்னால் எளிதில் மறக்க முடியவில்லை.

அதுவரை யார் யாரோ சொன்னதையெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகச் செய்துகொண்டிருந்தோம். மாலைக்குப் பிறகு தண்ணீர் தராதே, நள்ளிரவில் எழுப்பு, நனையாத நாளுக்குப் பரிசு கொடு, கொஞ்சம் கண்டித்து வை. எது எதற்கு என்று பிரித்துப் பார்க்கவே இல்லை. பிறகு மருத்துவரிடம் கேட்டும் படித்தும் தெளிந்தது இதுதான்: எந்த வழியைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், "இது இன்றிரவு படுக்கையைக் காப்பாற்றுவதற்கா, பிள்ளையின் உடம்பைப் பழக்குவதற்கா?" என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் தேவை இருக்கிறது. ஒன்றை மற்றொன்று என்று நம்பிவிட்டால் மாதக்கணக்கில் வீணாகிறது. எங்கள் வீட்டில் ஓராண்டு அப்படித்தான் போனது.

உடம்புக்குள் நடப்பது

இரவில் மூளை வாசோபிரசின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். அது சிறுநீரகத்தில் உண்டாகும் சிறுநீரின் அளவைக் குறைக்கும். சில பிள்ளைகளுக்கு இந்தச் சுரப்பு இரவில் போதிய அளவு கூடுவதில்லை. பகலைப் போலவே இரவிலும் சிறுநீர் நிறைய சேர்கிறது. வேறு சிலருக்குச் சிறுநீர்ப்பை வயதுக்கு ஏற்ற அளவு பிடிப்பதில்லை, அல்லது நிரம்புவதற்கு முன்பே சுருங்கிவிடுகிறது. இவற்றில் எது இருந்தாலும், பை முட்டும்போது விழிப்பு வந்துவிட்டால் எழுந்து ஒன்றுக்குப் போய்விட்டு வந்து படுத்துவிடலாம். அந்த விழிப்பு வராததுதான் மூன்றாவது காரணம். பல பிள்ளைகளிடம் இவை கலந்தே இருக்கும்.

சோம்பல், பிடிவாதம், கவனக்குறைவு ஆகியவற்றுக்கு இதில் எங்கும் இடமில்லை. தூங்கும் பிள்ளை எதையும் முடிவுசெய்வதில்லை. ஆகவே திட்டுவதையும் அடிப்பதையும் மற்றவர் முன் சொல்லிக்காட்டுவதையும் ஒரு வழியாக எடுத்துக்கொண்டு ஒப்பிடக்கூட நான் தயாராக இல்லை. பயந்த பிள்ளை விரிப்பை மறைக்கக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான் நடக்கும்.

பரம்பரைக்கு இதில் பெரும்பங்கு உண்டு. தாய், தந்தை இருவருக்குமே சிறுவயதில் இந்தத் தொல்லை இருந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 77 சதவீதம். ஒருவருக்கு மட்டும் இருந்திருந்தால் 44 சதவீதம். இருவருக்குமே இல்லையென்றால் 15 சதவீதம் என்று 1970களில் வெளிவந்த கணக்கு ஒன்று இன்றும் எடுத்துச் சொல்லப்படுகிறது. நான் பத்து வயது வரை படுக்கையை நனைத்தவன். அதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அந்த விடியற்காலையில் மகனைக் குளிக்க வைத்துவிட்டு, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னேன். அவன் துண்டை விலக்கி என் முகத்தைப் பார்த்தான். "உங்களுக்குமா? எப்போது நின்றது?" என்று கேட்டான். அன்றைக்கு அவன் தோள் தளர்ந்ததைப் போல வேறு எந்தச் சிகிச்சைக்கும் தளரவில்லை. இதே அனுபவம் உள்ள பெற்றோர் தயவுசெய்து பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

காத்திருப்பது

ஐந்து வயதுக்கு முன் படுக்கை நனைவது வளர்ச்சியின் ஒரு பகுதி. மருத்துவம் அதைக் குறையாகக் கருதுவதே இல்லை. ஐந்து வயதில் 100 பேரில் ஏறக்குறைய 15 பேருக்கும், ஏழு வயதில் 10 பேருக்கும், பத்து வயதில் 5 பேருக்கும் இந்தத் தொல்லை இருக்கிறது. ஆண்பிள்ளைகளிடம் கூடுதல். ஒன்றுமே செய்யாமல் விட்டாலும், நனைக்கும் பிள்ளைகளில் ஆண்டுக்குச் சுமார் 15 சதவீதத்தினருக்கு அது தானாகவே நின்றுவிடும்.

இந்த 15 சதவீதத்தை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஐந்தரை வயதுப் பிள்ளை, வாரத்தில் இரண்டு இரவு நனைக்கிறது, அதைப் பற்றிக் கவலையே இல்லாமல் விளையாடப் போகிறது என்றால், காத்திருப்பதுதான் நல்ல முடிவு. ஒன்பது வயது, அன்றாடம் நனைகிறது, உறவினர் வீட்டில் தங்க மறுக்கிறான் என்றால் அதே எண் வேறு கதை சொல்கிறது: அடுத்த ஆண்டும் நனைந்துகொண்டிருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. இரவுதோறும் நனைக்கும் பிள்ளைகளுக்குத் தானாக நிற்பதும் மற்றவர்களைவிடத் தாமதமாகும். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்பது பொய்யில்லை. ஆனால் வளரும் வரை அந்தப் பிள்ளை அன்றாடம் சுமப்பது என்ன என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டும். வருத்தப்படுகிறதா என்பதைப் பிள்ளையிடமே கேளுங்கள். ஏழு வயதுக்கு மேல் பதில் "ஆம்" என்றால், வெறுமனே காத்திருப்பதை நான் ஏற்கமாட்டேன்.

எதைத் தேர்ந்தாலும் முதலில் செய்ய வேண்டியவை

மகனின் படுக்கையைப் பற்றிப் பேசத்தான் மருத்துவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "இவன் வெளிக்கு ஒழுங்காகப் போகிறானா?" என்பது. எனக்குத் தெரியவில்லை. அவனே கழிப்பறைக்குப் போய்க் கழுவிக்கொண்டு வரும் வயது, யார் பார்க்கிறார்கள்? மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். மலக்குடல் சிறுநீர்ப்பைக்கு நேர்ப் பின்னால் இருக்கிறது. அங்கே மலம் இறுகித் தேங்கினால் முன்னால் இருக்கும் பையை அழுத்தும். பை பிடிக்கும் அளவு குறையும், நேரமில்லாத நேரத்தில் சுருங்கும். மலச்சிக்கலைச் சரிசெய்ததும் வேறு எதுவும் செய்யாமலே படுக்கை நனைவது நின்ற பிள்ளைகள் உண்டு. வாரத்தில் மூன்று முறைக்கும் குறைவாகப் போவது, உருண்டை உருண்டையாகவோ மிகப் பருமனாகவோ போவது, உள்ளாடையில் கறை படிவது ஆகியவை அறிகுறிகள். இதைப் பார்க்காமல், ஈரம் பட்டதும் ஒலிக்கும் அலாரம் வாங்குவதும் மாத்திரை கொடுப்பதும், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை.

அடுத்தது தண்ணீர். மாலையில் குடிப்பதை நிறுத்திவிட்டால் இரவு நனையாது என்று எல்லோருமே நினைக்கிறோம். பகலில் சரியாகக் குடிக்காத பிள்ளைதான் மாலையில் தாகத்தோடு வந்து ஒரேயடியாகக் குடிக்கிறது. பள்ளிக் கழிப்பறைக்குப் போகக் கூசி, காலை முதல் ஒரு மிடறும் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்தச் சிறுநீர்ப்பைக்கு நன்றாக நிரம்பி விரிந்து பழகும் வாய்ப்பே கிடைப்பதில்லை. நாள் முழுவதும் குடிப்பதை ஏறத்தாழ 40 சதவீதம் காலையில், 40 சதவீதம் பிற்பகலில், மீதி 20 சதவீதம் மாலைக்குப் பிறகு என்று பிரித்துக் கொடுப்பது நல்லது. மொத்த அளவைக் குறைக்கக் கூடாது. நான்கு முதல் எட்டு வயது வரை நாளொன்றுக்கு 1000 முதல் 1400 மில்லி வரை குடிக்கலாம். வெயில் காலத்திலும் விளையாட்டு நாளிலும் இன்னும் கூடும். காபி, தேநீர், கோலா போன்ற காஃபீன் உள்ள பானங்களை விட்டுவிடலாம். பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்றுக்குப் போக வேண்டும், படுக்கும் முன் கட்டாயம் போக வேண்டும்.

இவை ஒரு செலவும் இல்லாத, ஆபத்தும் இல்லாத வேலைகள். சில பிள்ளைகளுக்கு இதுவே போதும். பெரும்பாலானவர்களுக்கு இது அடித்தளம். இதன் மேல்தான் மற்றவை நிற்கும்.

நள்ளிரவில் எழுப்புவது

ஓராண்டு இதைத்தான் செய்தேன். இரவு பதினொன்றரைக்கு மகனைத் தூக்கி நிறுத்தி, தோளைப் பிடித்து நடத்திக் கழிப்பறைக்குக் கூட்டிப் போவேன். கண் மூடியே இருக்கும். என் இடுப்பில் தலையைச் சாய்த்துக்கொண்டே சிறுநீர் கழிப்பான். திரும்பக் கொண்டுவந்து படுக்க வைத்தால் காலையில் ஒன்றும் நினைவிருக்காது. "நான் எழுந்தேனா?" என்று கேட்பான்.

அந்தக் காட்சியை நன்றாகக் கவனித்திருந்தால் எனக்கே புரிந்திருக்கும். அவன் தூக்கத்திலேயே சிறுநீர் கழிக்கிறான், நான் இடத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன். பை நிரம்பும்போது விழிக்க அவன் உடம்பு எதையும் கற்கவில்லை; கடிகாரத்தைப் பார்த்து விழித்தது நான்தான். பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் 2010இல் வெளியிட்ட பரிந்துரையும் இதையே சொல்கிறது: பெற்றோர் எழுப்புவதோ தூக்கிச் செல்வதோ நெடுநாள் உலர்வைத் தருவதில்லை.

அதனால் இதை அடியோடு தள்ள வேண்டியதில்லை. விருந்தினர் வீட்டில் ஓர் இரவு, நெடுந்தூரப் பயணத்தில் ஓர் இரவு, காய்ச்சலில் எல்லோரும் களைத்திருக்கும் ஓர் இரவு என்றால் எழுப்பலாம். எழுப்பினால் முழுதாக விழிக்க வையுங்கள்; பெயரைக் கேளுங்கள், அவனே நடந்து போகட்டும். இன்றிரவுக்கு உதவும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

நட்சத்திர அட்டை

நாட்காட்டியில் நனையாத நாளுக்கு நட்சத்திரம் ஒட்டுவது பார்க்க அழகாக இருக்கும். ஒட்டாத கட்டங்கள் பிள்ளையின் கண்ணில் எப்படிப் படும் என்று யோசியுங்கள். தன் கையில் இல்லாத ஒன்றுக்காகப் பரிசு பெறுவதும் இழப்பதும் நியாயமில்லை. பிள்ளையால் முடிந்ததற்கு நட்சத்திரம் கொடுங்கள்: பகலில் தண்ணீர் குடித்தது, படுக்கும் முன் ஒன்றுக்குப் போனது, அலாரம் அடித்தபோது எழுந்தது, விரிப்பு மாற்ற உதவியது. தனியாக இது எதையும் குணப்படுத்தாது. அலாரத்தோடு சேரும்போது நல்ல துணை.

அலாரம்

சிறிய உணர்கருவி ஒன்று உள்ளாடையில் மாட்டப்படும், அல்லது விரிப்புக்கு அடியில் ஒரு தகடாகப் போடப்படும். முதல் சில சொட்டு ஈரம் பட்டதும் ஒலிக்கும். சிலவற்றில் அதிர்வும் உண்டு. பிள்ளை எழுந்து, மீதியை அடக்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போய் முடிக்க வேண்டும். இப்படி மீண்டும் மீண்டும் நடக்கும்போது, பை நிரம்பும் உணர்வையும் விழிப்பையும் மூளை இணைத்துக்கொள்கிறது. 1904இல் ஃபௌண்ட்லர் என்ற குழந்தை மருத்துவர், எந்தப் படுக்கை நனைந்தது என்று செவிலியருக்குத் தெரியட்டும் என்பதற்காகவே இப்படி ஒரு கருவியை வைத்தார். சில வாரங்களில் பிள்ளைகள் நனைப்பதே குறைந்ததைப் பார்த்தார். 1938இல் அமெரிக்க உளவியலாளர்களான மவ்ரர் தம்பதி அதை முறையான சிகிச்சையாக்கினார்கள். நூற்றாண்டு தாண்டிய பிறகும், உடம்பைப் பழக்கும் வழிகளில் இதற்கு நிகரானது வரவில்லை.

பயன்படுத்தும் காலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்கு உலர்ந்த இரவுகள் வந்துவிடும். கைவிடாமல் தொடர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, கருவியை எடுத்த பிறகும் அது நிலைத்துவிடும். வேறு எந்த வழியும் நிறுத்திய பிறகு இவ்வளவு நிலைப்பதில்லை.

இதற்கு விலை தூக்கம். முதல் இரண்டு வாரம் எங்கள் வீட்டில் அலாரம் அடித்தால் நான் எழுவேன், மனைவி எழுவாள், அடுத்த அறையில் மகள் எழுவாள். எழ வேண்டியவன் மட்டும் அசையாமல் கிடப்பான். இது குறைபாடு என்று நினைத்து ஐந்தாவது நாளே கருவியைத் தூக்கி அலமாரியில் வைத்துவிடும் வீடுகள் ஏராளம். பிள்ளை தானாக எழாதது தொடக்கத்தில் இயல்பு. ஒருவர் ஓடிப்போய் எழுப்பியே தீர வேண்டும். அலாரத்தை நீங்கள் அணைக்காதீர்கள், அவன் கையால் அணைக்க வையுங்கள். அணைத்துவிட்டு அவனே நடந்து போக வேண்டும். அதனால்தான் முதல் ஒரு மாதம் யாராவது ஒருவர் அதே அறையில் படுப்பது நல்லது. நானும் மனைவியும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் முறை போட்டுக்கொண்டோம்.

முன்னேற்றம் திடீரென்று உலர்ந்த இரவாக வராது. முதலில் ஈரத்தின் அளவு சுருங்கும். விரிப்பு முழுவதும் நனைந்திருந்த இடத்தில் ஒரு கை அகலத்துக்கு மட்டும் ஈரம் இருக்கும். பிறகு அலாரம் அடிக்கும் நேரம் தள்ளிப்போகும்: பன்னிரண்டு மணிக்கு அடித்தது மூன்று மணிக்கு, பிறகு ஐந்துக்கு. ஓரிரவில் இரண்டு முறை அடித்தது ஒருமுறையாகும். இவற்றை நாள்தோறும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். தூக்கம் கெட்ட கண்ணுக்கு முன்னேற்றம் தெரியாது, தாளைப் பார்த்தால் தெரியும். எங்கள் தாளில் பதினேழாவது இரவு, "உள்ளாடை மட்டும் ஈரம், தானே எழுந்தான்" என்று எழுதியிருக்கிறேன்.

நான்கு வாரத்தில் இந்தச் சிறு அறிகுறிகள் ஒன்றுகூட இல்லையென்றால் நிறுத்திவிட்டுச் சில மாதம் கழித்து முயலலாம். அறிகுறி இருந்தால் தொடர்ச்சியாக 14 இரவு உலரும் வரை விடக்கூடாது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். விட்டுவிட்டுப் போட்டால் பயனில்லை. கடைசியில் பெரும்பாலான பிள்ளைகள் நடு இரவில் எழாமலே விடியும் வரை தாங்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

யாருக்கு வேண்டாம்? பிள்ளைக்கே விருப்பமில்லை என்றால் வேண்டாம். பெற்றோர் பொறுமையிழந்து கோபப்படும் நிலையில் இருந்தால் வேண்டாம். நள்ளிரவு மூன்று மணிக்குக் கோபம் எளிதில் வரும். கைக்குழந்தை இருக்கும் வீட்டிலும், ஒருவரே இரவுப்பணியும் செய்து பிள்ளையையும் பார்க்கும் வீட்டிலும் இதைத் தள்ளிப்போடுவதில் தவறே இல்லை. மாதத்தில் ஓரிரு முறை மட்டும் நனைக்கும் பிள்ளைக்கும் பயன் குறைவு, கற்க வாய்ப்பே போதாது.

மாத்திரை

டெஸ்மோபிரசின் என்பது வாசோபிரசினைப் போலச் செய்யப்பட்ட மருந்து. படுக்கும் முன் எடுத்துக்கொண்டால் அன்றிரவு சிறுநீர் குறைவாக உண்டாகும். வேலை செய்கிறதா என்பது ஒன்றிரண்டு வாரத்திலேயே தெரிந்துவிடும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு முழுதாக நிற்கும். இன்னொரு பெரும் பங்கினருக்கு ஓரளவு குறையும். மீதிப் பேருக்கு ஒன்றும் ஆகாது. நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்ப வந்துவிடும். ஏனென்றால் இது கற்றுத் தருவதில்லை; அந்தந்த இரவுக்குச் சிறுநீரைக் குறைத்துக் கொடுக்கிறது.

அதைக் குறையாகச் சொல்லவில்லை. பள்ளியிலிருந்து மூன்று நாள் முகாம் என்று மகன் சீட்டைக் கொண்டுவந்து நீட்டியபோது, "போக மாட்டேன்" என்று அவனே எழுதி வைத்திருந்தான். அப்போது அலாரம் எங்களுக்கு என்ன செய்திருக்க முடியும்? மருத்துவர் மாத்திரை கொடுத்தார். முகாமுக்கு இரண்டு வாரம் முன்பே வீட்டில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அளவு போதுமா என்பதை முகாமில் போய்த் தெரிந்துகொள்ளக் கூடாது அல்லவா. மூன்று நாளும் நனைக்காமல் திரும்பி வந்தான். அந்த முகாமை அவன் இன்றும் பேசுகிறான்.

ஒரே ஒரு விதியைத் தளர்த்தவே கூடாது. மாத்திரை எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து அடுத்த எட்டு மணி நேரம் வரை தண்ணீர் மிகக் குறைவாகத்தான், ஒரு மிடறு அளவுதான். உடம்பு நீரை வெளியேற்றாமல் பிடித்து வைத்திருக்கும்போது நிறையக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையும். தலைவலி, வாந்தி, முற்றினால் வலிப்பு வரை போகும். வாந்தி, பேதி, காய்ச்சல் உள்ள நாட்களில் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். இதே மருந்தின் மூக்குத் தெளிப்பான் வடிவத்தைப் படுக்கை நனைவதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007இல் அறிவித்ததற்கும் இந்தச் சோடியக் குறைவுதான் காரணம். மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் வீட்டில் ஒருவருக்கு மிஞ்சியதை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். தொடர்ந்து எடுத்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் நிறுத்திப் பார்ப்பார்கள். அதற்குள் பிள்ளைக்குத் தானாகவே சரியாகியிருக்கலாம்.

இமிப்ரமின் என்ற பழைய மாத்திரையும் உண்டு. அளவு கூடினால் இதயத்தைத் தாக்கும், நிறுத்தினால் தொல்லை திரும்பும். மற்றவை பலிக்காதபோது நிபுணர் மேற்பார்வையில் மட்டுமே அதற்கு இடம்.

அலாரமா மாத்திரையா: ஓர் அளவுக்குவளை சொல்லும்

இந்த இரண்டுக்கும் இடையே தேர்வதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. விடுமுறை நாள் இரண்டில், பிள்ளை ஒவ்வொரு முறை ஒன்றுக்குப் போகும்போதும் அளவுக்குவளையில் பிடித்துக் குறியுங்கள்; காலையில் எழுந்ததும் முதலில் போவதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒருமுறை போனதில் எது அதிகமோ அதுதான் பை பிடிக்கும் அளவு. வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்கினால் அந்த வயதுக்கு எதிர்பார்க்கும் அளவு மில்லியில் வரும். ஏழு வயதுக்கு 240 மில்லி. பன்னிரண்டு வயது வரை இந்தக் கணக்கு பொருந்தும்.

இதற்கு நெருக்கமாக வந்தால் பை சரியாக இருக்கிறது; தூங்கிய சில மணி நேரத்திலேயே ஒரு பெரிய நனைப்பு என்றால் இரவில் சிறுநீர் அதிகம் சேர்கிறது என்று கருதலாம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு மாத்திரை நன்றாகப் பலிக்க வாய்ப்பு அதிகம். எதிர்பார்த்த அளவில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லையென்றால், ஓரிரவில் இரண்டு மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாக நனைகிறது என்றால், பை சிறியது. அங்கே மாத்திரை மட்டும் கொடுத்து ஏமாறுவதைவிட அலாரத்தை முதலில் பார்க்கலாம். பகலிலும் அவசரமாக ஓடுவது, கொஞ்சம் நனைத்துவிடுவது இருந்தால் இரவைத் தொடாமல் பகல் தொல்லைக்கு முதலில் மருத்துவம் பார்க்க வேண்டும்.

மகனுக்கு ஒன்பது வயது தொடக்கத்தில் 250 மில்லி வந்தது. எதிர்பார்த்தது 300. பை மோசமில்லை. அவனுக்கு அலாரமும் மாத்திரையும் இரண்டுமே பொருந்தும் என்று மருத்துவர் சொன்னார். முகாமுக்கு மாத்திரை, முகாம் முடிந்து நீண்ட விடுமுறையில் அலாரம் என்று பிரித்துக்கொண்டோம். பள்ளித் தேர்வு நேரத்தில் அலாரம் தொடங்காததற்கு இன்றும் மகிழ்கிறேன்.

உறிஞ்சும் உள்ளாடையும் மெத்தை உறையும்

டயப்பர் போன்ற உறிஞ்சும் உள்ளாடை போட்டால் பழக்கம் கெட்டுவிடும் என்று பயப்படுகிறோம். அவற்றால் உலர்வது பெரிய அளவில் தள்ளிப்போகிறது என்று நான் நம்பவில்லை. காத்திருக்கும் காலத்திலும் பயணத்திலும் பிள்ளைக்கு அது நிம்மதி. ஆனால் பிள்ளை விரும்பினால் மட்டும். எட்டு வயதுக்கு மேல் சிலருக்கு அது அவமானமாக இருக்கும். அலாரம் போடும் மாதங்களில் தேவையில்லை.

நீர்புகா மெத்தை உறை மட்டும் எல்லா வீட்டிலும் வேண்டும். அதோடு ஒரு சிறு தந்திரம்: உறை, அதன் மேல் விரிப்பு, அதன் மேல் இன்னொரு உறை, இன்னொரு விரிப்பு என்று இரண்டு அடுக்காகப் போட்டு வையுங்கள். நள்ளிரவில் மேல் அடுக்கை உருவினால் போதும், கீழே காய்ந்த படுக்கை தயார். மாற்று உடையையும் ஒரு கூடையையும் கட்டில் பக்கத்திலேயே வைத்துவிட்டால் பிள்ளையே அரைத் தூக்கத்தில் மாற்றிக்கொள்ளும். காலையில் குளிக்காமல் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். வாடை பிடித்து ஒரு பிள்ளை கேலி செய்தால் பல மாத உழைப்பு போய்விடும்.

இவை எதையும் தொடங்காமல் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

ஆறு மாதத்துக்கு மேல் உலர்ந்திருந்த பிள்ளை திடீரென்று நனைக்கத் தொடங்கினால் காரணம் தேட வேண்டும். தணியாத தாகமும் எடைக் குறைவும் சேர்ந்தால் அன்றே போங்கள், நீரிழிவாக இருக்கலாம். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், காய்ச்சல், இரத்தம், சொட்டுச் சொட்டாக வருவது, நடையில் தடுமாற்றம், முகவீக்கம் ஆகியவையும் அப்படித்தான். இரவில் வாய் பிளந்து சத்தமாகக் குறட்டை விடும் பிள்ளைக்கு மூக்கடிச் சதையோ தொண்டைச் சதையோ வளர்ந்து மூச்சு தடைபடலாம். அதைச் சரிசெய்ததும் படுக்கை நனைவதும் குறைந்த பிள்ளைகள் உண்டு. வீட்டில் சண்டை, இடமாற்றம், பள்ளியில் துன்புறுத்தல், யாரோ தகாத முறையில் தொட்டது என்று பிள்ளை வாயால் சொல்லாத ஒன்றும் காரணமாக இருக்கலாம். விசாரணை போலக் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

தேர்வை இப்படிச் செய்வேன்

ஐந்து, ஆறு வயது. பிள்ளைக்குக் கவலையில்லை: மெத்தை உறை, தண்ணீர்ப் பழக்கம், மலச்சிக்கல் கவனிப்பு, காத்திருப்பு. ஏழுக்கு மேல், பிள்ளைக்கு விருப்பம் இருக்கிறது, வீட்டில் இரண்டு மூன்று மாதம் இரவு விழிக்கத் தெம்பு இருக்கிறது: அலாரம். அதே வயது, தெம்பில்லை, அல்லது பயணமோ முகாமோ நெருங்குகிறது: மருத்துவரிடம் கேட்டு மாத்திரை, பிறகு நல்ல காலம் பார்த்து அலாரம். அலாரம் ஒருமுறை தோற்றால் அதற்காக அதை அடியோடு விட்டுவிடாதீர்கள். ஓராண்டு கழித்து அதே பிள்ளைக்கு அது பலிப்பது சாதாரணம். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தும் முறையும் இருக்கிறது.

உலர்ந்த 14 இரவுக்குப் பின் கருவியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சிலருக்குத் திரும்பும். எங்கள் மகனுக்கு ஐந்து மாதம் கழித்து ஒரு காய்ச்சலுக்குப் பின் வாரத்தில் மூன்று இரவு நனைந்தது. காலையில் விரிப்பைச் சுருட்டி ஒளிக்கவில்லை. கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து, "அப்பா, அந்த அலாரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது?" என்று கேட்டான். அன்றிரவே மாட்டினோம். இரண்டாவது முறை 19 இரவுகளில் முடிந்தது.